வாசகர் கேள்வி – பதில்: கையெழுத்து கேட்டு வந்த பச்சை வண்டி

சென்ற இதழில் நேரடி மக்களாட்சி பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் சட்டமன்றம் ஆண்டுக்கணக்கில் தர மறுத்த மருத்துவக் காப்பீட்டை 2018ஆம் ஆண்டில் வாக்காளர்களே வாக்களித்துச் சட்டமாக்கிக்கொண்டார்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு எழுதப்பட்டவை. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இந்தப் பக்கங்களை அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

உலகத்திலேயே பணக்கார நாடு என்கிறார்கள். அங்கே ஏழைகளுக்கு அரசுக் காப்பீடே இல்லையா? அதற்காக வாக்கெடுப்பு வரை போக வேண்டிய தேவை என்ன?
– ஒரு வாசகர், கும்பகோணம்

இருக்கிறது. 1965ஆம் ஆண்டு ஜூலை 30 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தில் முதியோருக்கான மெடிகேர், ஏழைகளுக்கான மெடிகெய்ட் என்ற இரண்டு திட்டங்களும் சேர்ந்தே பிறந்தன. இவற்றில் மெடிகெய்டை மத்திய அரசும் மாநில அரசும் கூட்டாகப் பணம் போட்டு நடத்துகின்றன. யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்பதில் மாநிலங்களுக்குப் பெரிய அதிகாரம் உண்டு. ஏழை என்ற ஒரே காரணத்துக்காக அதில் இடம் கிடைத்துவிடவில்லை. குழந்தைகள், கருவுற்ற பெண்கள், மாற்றுத்திறனாளிகள், மிகக் குறைந்த வருமானமுள்ள பெற்றோர் என்று வகை பிரித்துத்தான் சேர்த்தார்கள்; பிள்ளை இல்லாத, உடற்குறை இல்லாத ஒருவர் எவ்வளவு வறியவராக இருந்தாலும் பெரும்பாலான மாநிலங்களில் அவருக்குக் கதவு அடைத்தே இருந்தது.

2010இல் ஒபாமா கொண்டுவந்த சட்டம் இதைத்தான் மாற்ற முயன்றது. வறுமைக் கோட்டின் 138 விழுக்காடு வரை வருமானம் உள்ள பெரியவர்கள் அனைவரும், அதாவது 2018ஆம் ஆண்டின் கணக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 16,750 டாலர் வரை ஈட்டும் தனியாள், மெடிகெய்டில் சேரலாம் என்றது. முதல் மூன்றாண்டுச் செலவு முழுவதையும் மத்திய அரசே ஏற்கும் என்றும், பிறகு அந்தப் பங்கு படிப்படியாகக் குறைந்து 2020 முதல் 90 விழுக்காட்டில் நிற்கும் என்றும் ஏற்பாடு. ஆனால் 2012 ஜூனில் உச்ச நீதிமன்றம், இந்த விரிவாக்கத்தை ஏற்பதும் மறுப்பதும் ஒவ்வொரு மாநிலத்தின் விருப்பம் என்று தீர்ப்பளித்துவிட்டது. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் எப்படியும் மெடிகெய்டில் இருப்பார்கள் என்று நம்பிய சட்டம், தனியார் காப்பீடு வாங்குவதற்கான மானியத்தைக் கோட்டுக்கு மேலே இருப்பவர்களுக்கு மட்டுமே எழுதிவைத்திருந்தது. விரிவாக்கத்தை ஏற்க மறுத்த மாநிலத்தில் இதன் விளைவு விபரீதமானது: உணவகத்தில் பரிமாறி ஆண்டுக்கு 13,000 டாலர் வாங்கும் பெண்ணுக்கு மானியம் உண்டு, அதே உணவகத்தில் அரைநாள் வேலை செய்து 9,000 டாலர் வாங்கும் பெண்ணுக்கு மானியமும் இல்லை, மெடிகெய்டும் இல்லை. ஐடஹோவில் இந்த இடைவெளியில் விழுந்தவர்கள் ஏறத்தாழ 62,000 பேர் என்று அப்போது கணக்கிட்டார்கள்.

நெஞ்சு வலி என்று வந்தவரை எந்த மருத்துவமனையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று 1986ஆம் ஆண்டிலிருந்தே அங்கே சட்டம் இருக்கிறது. ஆனால் சிகிச்சைக்குப் பிறகு ரசீது வீடு தேடி வரும். ஐடஹோவில் கட்ட முடியாதவர்களுக்காக, கவுண்டி எனப்படும் மாவட்ட நிர்வாகம் உள்ளூர்ச் சொத்து வரிப் பணத்திலிருந்து மருத்துவமனைக்குக் கட்டிவிட்டு, அந்தத் தொகைக்கு நோயாளியின் சொத்தின் மீது பற்று எழுதிவைத்துவந்தது. வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து வைத்தியம் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. அங்கே அந்த அடகை அரசாங்கமே எழுதிக்கொண்டது, அவ்வளவுதான் வேறுபாடு.

இதைச் செய்தவர்கள் யார்? கட்சிக்காரர்களா? எப்படித் தொடங்கினார்கள்? விரிவாக எழுத வேண்டுகிறேன்.
– ஓர் ஆசிரியை, மதுரை

ஐடஹோவின் வட முனையில், ஓர் ஏரிக்கரையில் உள்ள சிற்றூர் சாண்ட்பாயின்ட். அந்த ஊரில் பிறந்து வளர்ந்து, அரசியல் தத்துவத்தில் ஆய்வுப் பட்டம் பெற்ற லூக் மேவில் என்பவரும் அவருடைய நண்பர்களான ஓர் இளம் தம்பதியும் 2017ஆம் ஆண்டில் முதலில் இறங்கிய வேலை மருத்துவம் பற்றியது அல்ல. உள்ளூர்ப் பள்ளிகளுக்கு நிதி தரும் வரி வாக்கெடுப்பில் தோற்றுவிடாமல் இருக்க வீடு வீடாகப் போனார்கள். அதில் கிடைத்த வெற்றி கொடுத்த துணிச்சலில், அடுத்ததாக மெடிகெய்டைக் கையிலெடுத்தார்கள். இயக்கத்துக்கு ‘ரீக்ளெய்ம் ஐடஹோ’ என்று பெயர் வைத்தார்கள். ஐடஹோவை மீட்டெடுப்போம் என்று பொருள்.

ஓர் அலுவலகத்தைப் பிடிப்பதற்குப் பதிலாக அவர்கள் 1977ஆம் ஆண்டு மாடல் கூடார வண்டி ஒன்றைப் பிடித்தார்கள். படுக்கையும் அடுப்படியும் உள்ளே இருக்கிற, நெடும்பயணத்துக்கான பழைய டாட்ஜ் வண்டி. அதற்குப் பச்சை வண்ணம் அடித்து, ‘ஐடஹோவுக்கு மெடிகெய்ட்’ என்று பக்கவாட்டில் எழுதி, 2017 கோடையில் மாநிலத்தைச் சுற்றினார்கள். இந்தச் சுற்றில் கையெழுத்து வாங்குவது நோக்கமல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வோர் ஊரிலும் நிறுத்தி, மருத்துவக் கடனில் மாட்டியவர்கள் கதையைக் கேட்டு, வண்டி கிளம்பிப் போன பிறகும் அந்த ஊரில் வேலையைத் தொடரக்கூடிய நாலைந்து பேரைக் கண்டுபிடிப்பதுதான் நோக்கம். நம்மூர் இயக்கங்கள் பலவும் வண்டி வந்த அன்று கூடி, போன அன்று கலைவதைப் பார்த்துப் பழகிய எனக்கு, இந்த ஒரு திட்டமிடல்தான் முழுக் கதையிலும் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

பிறகு வந்தது மனு. ஐடஹோ சட்டப்படி, ஒரு முன்மொழிவு வாக்குச்சீட்டில் இடம்பெற வேண்டுமானால் பதிவு செய்த வாக்காளர்களில் 6 விழுக்காட்டினர் கையெழுத்திட வேண்டும். 2018இல் அது 56,192 கையெழுத்து. அதோடு, மாநிலத்தின் 35 சட்டமன்றத் தொகுதிகளில் குறைந்தது 18இல், தொகுதிக்குத் தொகுதி அந்த 6 விழுக்காட்டை எட்டியாக வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனை 2013இல்தான் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, சட்டமன்றம் இயற்றிய மூன்று கல்விச் சட்டங்களை வாக்காளர்கள் வாக்கெடுப்பில் ரத்து செய்துவிட்டார்கள். அந்த அடிக்குப் பிறகு, தலைநகர் பாய்ஸியில் மட்டும் கையெழுத்து வாங்கி யாரும் வேலையை முடித்துவிடக் கூடாது என்று சட்டமன்றம் வைத்த பூட்டு இது. பூட்டின் பலன் வேறாக முடிந்தது. உருளைக்கிழங்கு வயல்களும் மலைச் சுரங்கங்களும் உள்ள ஊர்களுக்கெல்லாம் தன்னார்வலர்கள் போயே தீர வேண்டியிருந்ததால், வாக்கெடுப்பு வந்தபோது அந்த ஊர்களிலும் அவர்களுக்கு முகம் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள்.

கையெழுத்துத் தாள் என்பது லேசான காகிதம் அல்ல. ஒரு தாளில் ஒரே கவுண்டியின் வாக்காளர்கள் மட்டுமே கையெழுத்திடலாம். பக்கத்து கவுண்டிக்காரர் வந்தால் அவருக்கு வேறு தாளை எடுக்க வேண்டும். ஒவ்வொருவரும் தன் கண்முன்னே கையெழுத்திட்டார் என்று தாளைச் சுமந்தவர் நோட்டரி முன்னிலையில் சத்தியம் செய்ய வேண்டும். பிறகு கவுண்டி எழுத்தரின் அலுவலகத்தில் பெயரையும் முகவரியையும் வாக்காளர் பட்டியலோடு ஒத்துப் பார்ப்பார்கள். வீடு மாறிவிட்டுப் பதிவை மாற்றாமல் விட்டவரின் கையெழுத்து தள்ளுபடியாகும். ஆகவே கையெழுத்து கேட்டுப் போகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, உங்கள் வாக்காளர் பதிவு இதே முகவரியில்தான் இருக்கிறதா என்பதுதான். மருத்துவத்துக்கான இயக்கம் வாக்காளர் பதிவுக்கான இயக்கமாகவும் மாறியது கொள்கையால் மட்டுமல்ல, இந்தத் தாளின் கட்டாயத்தாலும்தான். பனிக்காலம் முழுவதும் தாளோடு அலைந்து, 2018 ஏப்ரல் இறுதிக்குள் தேவையான எண்ணிக்கையையும் தாண்டினார்கள். கலிபோர்னியத் தொழிற்சங்கம் ஒன்றின் ஆதரவில் தொடங்கப்பட்ட ‘ஃபேர்னஸ் ப்ராஜெக்ட்’ என்ற தேசிய அமைப்பின் பணமும் இதில் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்; முழுக்க முழுக்க வெறுங்கையால் வென்றார்கள் என்று எழுதினால் அது கதையாகிவிடும்.

2016இல் ட்ரம்புக்கு வாக்களித்த மாநிலம் அல்லவா அது? ஒபாமாவின் திட்டத்துக்கு எப்படி வாக்களித்தார்கள்?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

2016இல் ட்ரம்புக்கு அங்கே கிடைத்தது ஏறத்தாழ 59 விழுக்காடு. 2018 நவம்பரில் மெடிகெய்ட் விரிவாக்கத்துக்குக் கிடைத்தது ஏறத்தாழ 61. இரண்டு பக்கமும் வாக்களித்தவர்கள் பல்லாயிரம் பேர் இருந்தாக வேண்டும் என்பதற்கு இதைவிடக் கணக்கு வேண்டாம்.

வாக்குச்சீட்டில் ஒபாமாவின் பெயர் இல்லை, எந்தக் கட்சியின் பெயரும் இல்லை. இரண்டாம் முன்மொழிவு என்று மட்டுமே இருந்தது. வாசலில் நின்றவர்களும் கட்சியைப் பற்றிப் பேசவில்லை. நாம் வாஷிங்டனுக்குக் கட்டிய வரிப்பணம் விரிவாக்கத்தை ஏற்ற மற்ற மாநிலங்களுக்குப் போகிறது, நம் கவுண்டியோ சொத்து வரியிலிருந்து மருத்துவமனைக்குக் கட்டிக்கொண்டிருக்கிறது என்ற பேச்சு, சிக்கனத்தை மதிக்கிற குடியரசுக் கட்சிக்காரர்களின் காதில் ஏறியது. மருத்துவமனைகளின் சங்கமும் மருத்துவர்களின் சங்கமும் ஆதரித்தன. கடைசியில், வாக்கெடுப்புக்குச் சில நாட்களுக்கு முன், குடியரசுக் கட்சி ஆளுநரான புட்ச் ஆட்டரே ஆதரவு தெரிவித்தார். முந்தைய ஆண்டுகளிலேயே அவர் சட்டமன்றத்தை இன்னும் அழுத்தியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றுகிறது. அரசியலில் ஓய்வு பெறும் வயதில் வரும் துணிச்சலுக்கு இங்கும் எடுத்துக்காட்டுகள் உண்டு.

வாக்கெடுப்பில் வென்றவுடன் காப்பீட்டு அட்டை கைக்கு வந்துவிட்டதா?
– ஒரு வாசகி, சேலம்

இல்லை. உங்கள் கேள்வியில்தான் இந்த விஷயத்தின் கசப்பான பாதி இருக்கிறது.

ஐடஹோவில் முதலில் முன்மொழிவு செல்லாது என்று வழக்குப் போட்டார்கள். 2019 பிப்ரவரியில் மாநில உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. உடனே சட்டமன்றம், வேலை செய்வதற்குச் சான்று காட்ட வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளைச் சேர்த்தது. அவற்றுக்கு மத்திய அரசின் அனுமதி தேவைப்பட்டதால் அந்த நிபந்தனை அப்போது நடைமுறைக்கு வரவில்லை. 2020 ஜனவரி 1 அன்றுதான் காப்பீடு தொடங்கியது. அதோடும் விடவில்லை. 2021இல் சட்டமன்றம், இனி 18 தொகுதிகள் போதாது, 35 தொகுதிகளிலும் 6 விழுக்காடு வேண்டும் என்று சட்டம் போட்டது. ஒரே ஒரு தொகுதி மறுத்தால் மாநிலமே நினைத்தாலும் மனு செத்துவிடும் என்பது இதன் பொருள். அதே ஆண்டு ஆகஸ்டில் ஐடஹோ உச்ச நீதிமன்றம், முன்மொழியும் உரிமை மக்களின் அடிப்படை உரிமை என்று சொல்லி அதை ரத்து செய்தது.

மெய்ன் மாநிலத்தின் கதை இன்னும் மோசம். வாக்கெடுப்பின் மூலம் விரிவாக்கத்தை ஏற்ற முதல் மாநிலம் அதுதான், 2017 நவம்பரில். முன்னதாகச் சட்டமன்றம் அனுப்பிய விரிவாக்க மசோதாக்களை ஐந்து முறை தன் மறுப்பதிகாரத்தால் திருப்பி அனுப்பியிருந்த ஆளுநர் பால் லெபேஜ், மக்கள் தீர்ப்புக்குப் பிறகும் செயல்படுத்த மறுத்து, வழக்கு, மேல்முறையீடு என்று ஓராண்டுக்கு மேல் இழுத்தடித்தார். 2019 ஜனவரியில் அடுத்த ஆளுநராகப் பதவியேற்ற ஜேனட் மில்ஸ், முதல் நாள் அலுவலில் போட்ட ஆணையே அதைச் செயல்படுத்தும் ஆணைதான். யூட்டாவில் வாக்காளர்கள் ஏற்றதைச் சட்டமன்றம் மூன்றே மாதத்தில் சுருக்கியது. மிசௌரியில் 2020 ஆகஸ்டில் வென்ற பிறகு, சட்டமன்றம் அதற்கான பணத்தை வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்க மறுத்தது. 2021 ஜூலையில் மாநில உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்ன பிறகே விண்ணப்பங்களை வாங்கினார்கள்.

ஐடஹோவிலும் யூட்டாவிலும் சாதாரணச் சட்டமாக வென்றதைச் சட்டமன்றம் திருத்த முடிந்தது என்பதால், பின்னால் வந்த ஓக்லஹோமா, மிசௌரி, தெற்கு டகோட்டா மூன்றும் அதை மாநில அரசமைப்பிலேயே எழுதிவிட்டன. ஓக்லஹோமாவில் 2020 ஜூன் 30 அன்று வென்ற வித்தியாசம் ஏறத்தாழ 6,500 வாக்குகள். நம்மூர்க் கணக்கில் ஆறேழு வாக்குச்சாவடிகளின் வாக்கு.

தோற்ற இடமே இல்லையா?
– ஒரு வாசகர், காரைக்கால்

உண்டு. 2018இல் மோன்டானாவில், விரிவாக்கத்தைத் தொடர்வதற்கான பணத்தைப் புகையிலை வரியை உயர்த்தித் திரட்டலாம் என்று முன்மொழிந்தார்கள். புகையிலை நிறுவனங்கள் கோடிக்கணக்கில் கொட்டி அதைத் தோற்கடித்தன. மிசிசிப்பியில் நடந்ததோ தோல்வி என்றுகூடச் சொல்ல முடியாத விசித்திரம். ஐந்து நாடாளுமன்றத் தொகுதிகளிலிருந்தும் சம அளவில் கையெழுத்து வேண்டும் என்று அந்த மாநில அரசமைப்பு சொல்கிறது. ஆனால் 2000ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு அங்கே இருப்பது நான்கே தொகுதிகள். ஆகவே இனி எந்த மனுவும் செல்லாது என்று 2021 மே மாதத்தில், மருத்துவக் கஞ்சா பற்றிய வழக்கொன்றில் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்போதுதான் தொடங்கியிருந்த மெடிகெய்ட் மனுவைச் சுருட்டி வைத்துவிட்டார்கள்.

தெற்கு டகோட்டாவில் சட்டமன்றம் முந்திக்கொள்ளப் பார்த்தது. பெருஞ்செலவு பிடிக்கும் முன்மொழிவுகளுக்கு இனி 60 விழுக்காடு வாக்கு வேண்டும் என்ற திருத்தத்தை, கட்சிகள் தங்கள் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும், கூட்டம் குறைவாக வரும் 2022 ஜூன் மாத முதற்கட்டத் தேர்தலில் வைத்தது. வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அதை நிராகரித்தார்கள். நவம்பரில் மெடிகெய்ட் விரிவாக்கம் 56 விழுக்காட்டில் வென்றது. ஜூன் மாதம் வீட்டில் இருந்துவிட்டிருந்தால், நவம்பரில் வாங்கிய 56 தோல்வியாகியிருக்கும்.

மருத்துவமனையிலேயே வாக்காளர் பதிவு செய்கிறார்களாமே? நோயாளியிடம் அரசியல் பேசுவது முறையா?
– ஒரு மருத்துவ மாணவர், தஞ்சாவூர்

முறையல்ல, அதனால்தான் அங்கே அரசியல் பேசுவதில்லை. 1993ஆம் ஆண்டின் தேசிய வாக்காளர் பதிவுச் சட்டம், ஓட்டுநர் உரிமம் வழங்கும் அலுவலகங்களைப் போலவே மெடிகெய்ட் விண்ணப்பம் வாங்கும் அலுவலகங்களும் வாக்காளர் பதிவுப் படிவத்தைத் தந்தாக வேண்டும் என்கிறது. (தேர்தல் நாளன்றே பதிவு செய்துகொள்ளும் வசதியோ வேறு ஏற்பாடோ உள்ள ஆறு மாநிலங்களுக்கு விலக்கு உண்டு, நம் ஐடஹோவும் அதில் ஒன்று.) பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவு மருத்துவரான அலிஸ்டர் மார்ட்டின் 2019இல் தொடங்கிய ‘வோட்-இ.ஆர்.’ என்ற அமைப்பு, மருத்துவர்களும் செவிலியர்களும் கழுத்தில் மாட்டும் அடையாள அட்டையோடு சேர்த்து ஒரு கியூ.ஆர். அட்டையைக் கொடுத்தது. காத்திருக்கிற நோயாளி விரும்பினால் அதைத் தன் கைபேசியில் பிடித்துப் பதிவு செய்துகொள்ளலாம். யாருக்கு வாக்களிப்பது என்று ஒரு சொல் சொன்னாலும், வரிவிலக்குப் பெற்ற மருத்துவமனை தன் விலக்கை இழக்க நேரலாம்.

மயக்கத்திலும் வலியிலும் இருப்பவரிடம் அட்டையை நீட்டக் கூடாது என்பது பொது அறிவு. மற்றபடி, மூன்று மணி நேரம் வரிசையில் உட்கார்ந்திருப்பவரிடம் ஒரு படிவத்தைத் தருவதில் எனக்குத் தவறு தெரியவில்லை.

மருத்துவத்தையும் வாக்குரிமையையும் சேர்த்துப் பார்ப்பது புதிய உத்தியா?
– ஒரு வாசகர், புதுச்சேரி

மெடிகெய்ட் சட்டம் 1965 ஜூலை 30. கறுப்பின மக்களின் வாக்குரிமையை உறுதி செய்த சட்டம் அதே ஆண்டு ஆகஸ்ட் 6. இடையில் ஒரு வாரம். ஆனால் தேதிகளைவிட ஒரு மனிதரின் வாழ்க்கையே இதற்குச் சரியான பதில்.

மிசிசிப்பியில் பருத்தித் தோட்டக் கூலியாக இருந்த ஃபேனி லூ ஹேமர் 1961இல் ஒரு கட்டியை அகற்றிக்கொள்ள மருத்துவமனைக்குப் போனார். அவரிடம் கேட்காமலேயே கருப்பையையும் எடுத்துவிட்டார்கள். அந்த வட்டாரத்தில் ஏழைக் கறுப்பினப் பெண்களுக்கு இது சாதாரணமாக நடந்ததால், அதற்கு ‘மிசிசிப்பி குடல்வால் அறுவை’ என்று கேலிப்பெயரே இருந்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் பதினெட்டுப் பேரில் ஒருவராகப் பேருந்தில் போய் வாக்காளராகப் பதிவு செய்ய முயன்றார். திரும்பி வந்த அன்றே, பதினெட்டு ஆண்டுகள் உழைத்த தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். 1963இல் சிறையில் அடித்த அடியில் அவருடைய சிறுநீரகம் பழுதானது. 1964இல் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் அவர் இதையெல்லாம் சாட்சியமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, தொலைக்காட்சி அவரைக் காட்டக் கூடாதென்றே அதிபர் ஜான்சன் அவசரமாகச் செய்தியாளர்களைக் கூட்டினார். அடுத்த ஆண்டு மெடிகெய்டிலும் வாக்குரிமைச் சட்டத்திலும் கையெழுத்திட்டவரும் அதே ஜான்சன்தான் என்பதை மறைப்பானேன்.

அதே மிசிசிப்பியின் மவுண்ட் பேயூ என்ற ஊரில், 1960களின் பிற்பகுதியில் மருத்துவர் ஜாக் கைகர் நடத்திய சமுதாய மருத்துவ நிலையத்தில் மருந்துச் சீட்டில் பாலும் இறைச்சியும் காய்கறியும் எழுதிக் கொடுத்தார்கள். மளிகைக் கடைக்கு மருந்தகக் கணக்கிலிருந்து பணம் போயிற்று. தட்டிக்கேட்ட அதிகாரிகளிடம், ஊட்டக்குறைவுக்கு மருந்து உணவுதான் என்று மருத்துவ நூலில் இருக்கிறதே என்று அவர் பதில் சொன்னதாகச் சொல்வார்கள். நிலத்தில் இறங்கிக் கூட்டுறவுப் பண்ணை நடத்தியவர்கள் அந்த ஊர் மக்களே.

நியூஜெர்சியில் ஹெச்-1பி விசாவில் இருக்கிறோம். நாங்கள் இத்தகைய பணிகளில் பங்கெடுக்கலாமா?
– ஒரு தமிழ்த் தம்பதி

இலவச மருத்துவ முகாம், காப்பீட்டு விண்ணப்பத்தை நிரப்பித் தருதல், தமிழ் மட்டுமே தெரிந்த பெற்றோருக்கு மருத்துவமனையில் மொழிபெயர்த்தல் ஆகியவற்றில் ஊதியமின்றிப் பங்கெடுக்கத் தடையில்லை. தேர்தல் பக்கம் வரும்போது கவனம் தேவை. பச்சை அட்டை, அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமை, பெறாத வெளிநாட்டவர் வேட்பாளருக்கோ கட்சிக்கோ நன்கொடை தருவதை மத்தியச் சட்டம் தடுக்கிறது. குடியுரிமை பெறாத எவரும் வாக்காளராகப் பதிந்துவிடவே கூடாது. பச்சை அட்டை வைத்திருப்பவருக்கும் இது பொருந்தும். ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் நீட்டுகிற படிவத்தில் அவசரத்தில் ‘ஆம்’ என்று ஒரு கட்டத்தில் குறியிட்டுவிட்டு, பின்னால் குடியுரிமை விண்ணப்பத்தில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. மற்றொன்று: பச்சை அட்டை வாங்கிய பெரியவர்களுக்குப் பொதுவாக முதல் ஐந்தாண்டுகள் மெடிகெய்ட் கிடையாது. ஊரிலிருந்து பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ள நினைப்பவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

நம் ஊரில் இப்படிக் கையெழுத்து வாங்கி ஒரு சட்டம் கொண்டுவர முடியுமா?
– ஊராட்சி வார்டு உறுப்பினர் ஒருவர், திருவண்ணாமலை மாவட்டம்

முடியாது. மக்களே முன்மொழிந்து மக்களே வாக்களித்துச் சட்டமாக்கும் வழி நம் அரசமைப்பில் இல்லை. உங்கள் கையில் இருப்பது கிராம சபை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதன் தீர்மானம் சுகாதாரத் துறையைக் கட்டுப்படுத்தாது என்பது உண்மை. ஆனால் பதிவேட்டில் ஏறிய தீர்மானத்துக்குத் துறை என்ன செய்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். ‘மருத்துவ வசதி செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறோம்’ என்று எழுதாதீர்கள். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது அரசின் சொந்த அளவுகோல். மலைப்பகுதியில் அது 3,000, 20,000. உங்கள் ஊரின் எண்ணிக்கையை அதற்குப் பக்கத்தில் எழுதுங்கள். செவிலியர் பணியிடம் எத்தனை மாதமாகக் காலி என்பதைத் தேதியோடு எழுதுங்கள்.

எனக்கு இருபது வயதில் எங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையத்துக்குச் செவிலியர் கேட்டுக் கையெழுத்து வாங்கப் போன அனுபவம் உண்டு. முதல் தெருவிலேயே ஒரு பாட்டி, “இதுல கைநாட்டு வெச்சா நிலத்துக்கு ஒண்ணும் ஆவாதே தம்பி?” என்று கேட்டார். நான் செவிலியரின் அவசியத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். அவர் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. அவர் வைக்கவில்லை. அடுத்த நாள் என்னோடு வந்த சத்துணவு அமைப்பாளர் அக்கா மனுவை முழுக்க வாசித்துக் காட்டி, “நெலம்ங்கற வார்த்தையே இதுல இல்ல ஆத்தா” என்றார். பாட்டி கைநாட்டு வைத்ததோடு மருமகளையும் கூப்பிட்டார்.

வாக்காளர் பட்டியலையும் அதே நடையில் பார்த்துவிடலாம். இப்போது ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகிய நான்கு தேதிகளில் எதில் 18 வயது நிறைந்தாலும் படிவம் 6 கொடுக்கலாம். வீடு மாறியவர்களுக்குப் படிவம் 8. திருப்பூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போகிற குடும்பங்கள் உங்கள் மாவட்டத்தில் அதிகம். பட்டியலில் பெயர் தவறிப்போகிற வீடும், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுக்காமல் விட்டுப்போகிற வீடும் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதைக் காண்பீர்கள்.

இப்போது அங்கே நிலைமை என்ன?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

நாற்பது மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் விரிவாக்கத்தை ஏற்றுள்ளன. டெக்சாஸ், ஃபுளோரிடா, ஜார்ஜியா உட்படப் பத்து மாநிலங்கள் ஏற்கவில்லை. டெக்சாஸிலும் ஜார்ஜியாவிலும் மக்கள் மனு கொடுத்து வாக்கெடுப்பு கோரும் வழியே சட்டத்தில் இல்லை.

2025 ஜூலை 4 அன்று அதிபர் ட்ரம்ப் கையெழுத்திட்ட சட்டத்தின்படி, விரிவாக்கத்தால் சேர்ந்தவர்கள் மாதம் 80 மணி நேரம் வேலையோ படிப்போ சமூகப் பணியோ செய்வதாகக் காட்ட வேண்டும். 2027 தொடக்கத்திலிருந்து இது நடைமுறைக்கு வர வேண்டும். ஆர்க்கன்சா மாநிலம் 2018இலேயே இதைச் செய்து பார்த்தது. வேலை நேரத்தை இணையதளத்தில் பதிய வேண்டும். அந்த இணையதளமோ இரவு 9 மணிக்கு மூடி காலை 7 மணிக்குத்தான் திறக்கும். பகல் முழுதும் வேலை செய்துவிட்டு இரவு பத்து மணிக்குப் பதியலாம் என்று உட்கார்ந்தவர் வேலை செய்ததையே நிரூபிக்க முடியாமல் போனார். சில மாதங்களில் 18,000க்கும் மேற்பட்டோர் காப்பீட்டை இழந்தார்கள். 2019 மார்ச்சில் ஒரு மத்திய நீதிபதி அதை நிறுத்திவைத்தார். கையெழுத்துத் தாளைச் சுமந்து வாசல் வாசலாகப் போனவர்களுக்கு, இந்த முறை மடிக்கணினியோடு அதே வாசல்களில் உட்கார்ந்து மணிக்கணக்கைப் பதிந்து கொடுக்கிற வேலை காத்திருக்கிறது.